மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை: 2000-ஆம் ஆண்டு ஒசாகா பால் நஞ்சானது எப்படி?

2000-ஆம் ஆண்டு ஜூன் 27. ஜப்பானின் ஒசாகா நகரில் யுகிஜிருஷி பால் நிறுவனத்துக்கு ஒரு புகார் வந்தது: உங்கள் கொழுப்பு குறைத்த பாலைக் குடித்தோம், வாந்தி நிற்கவில்லை. வெளிநாடுகளில் ஸ்னோ பிராண்ட் என்ற பெயரில் தெரிந்த அதே நிறுவனம்தான், அப்போது ஜப்பானின் பெரிய பால் நிறுவனங்களில் ஒன்று. ஒரு புகாரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் இன்னும் சில வந்தன. அதே மறுநாள்தான் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டமும். மேலிடத்து ஆட்கள் வடக்கே சப்போரோவில் இருந்தார்கள். பொது மக்களுக்கான அறிவிப்பு 29-ஆம் தேதிதான் வெளிவந்தது. அதற்குள் ஒசாகாவைச் சுற்றியுள்ள கன்சாய் பகுதி முழுக்க வீடு வீடாக ஆட்கள் படுத்துவிட்டார்கள். கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் என்று உறுதி செய்யப்பட்ட எண்ணிக்கை 13,420.

இவ்வளவு பேரைப் படுக்க வைத்த பாலைச் சோதித்தபோது அதில் நோய்க்குக் காரணமான பாக்டீரியா உயிரோடு இல்லை. பால் முறைப்படி சூடுபடுத்தப்பட்டிருந்தது, குளிரூட்டப்பட்டிருந்தது, காலாவதியும் ஆகவில்லை. ஆலைக்கு அரசாங்கத்தின் சுகாதார மேலாண்மைச் சான்றிதழ்கூட இருந்தது. அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. விடை ஒசாகாவில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மூன்று மாதம் முன்பு நடந்த ஒரு மின்தடையில் இருக்கிறது.

முதலில் மாட்டியது ஒரு வால்வு

விசாரணை ஒசாகா ஆலையில் ஆரம்பித்தது. அது இயல்புதான். பால் அங்கேதான் பாக்கெட்டில் அடைக்கப்பட்டது. பைப் லைனைப் பிரித்துப் பார்த்தபோது, மிச்சப் பாலை வைக்கும் ஒரு டேங்க்குக்குப் போகும் வழியில் இருந்த வால்வில் பால் கெட்டியாகப் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானின் 10 யென் காசு அளவுக்குப் படிவு. வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டிய வால்வு அது. பல வாரமாகக் கழற்றப்படவில்லை. ஜூலை 1-ஆம் தேதி பத்திரிகையாளர்கள் முன்னால் ஆலை மேலாளர் இதைச் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிறுவனத் தலைவர் அவர் பக்கம் திரும்பி "அது உண்மையா?" என்று கேட்டார். தன் ஆலையில் நடந்தது தனக்கே அந்த நிமிடம்தான் தெரிகிறது என்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

வால்வு நல்ல குற்றவாளி. அழுக்காக இருந்தது, கண்ணால் பார்க்க முடிந்தது, யார் கழுவவில்லை என்று கேட்கவும் முடிந்தது. இந்த நிகழ்வைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது நானும் அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். உணவுத் தொழிலில் எங்கேயாவது அழுக்கைப் பார்த்துவிட்டால் மனசு அங்கேயே நின்றுவிடும். அழுக்கு இருந்தது என்பது வேறு, அந்த அழுக்குதான் இத்தனை பேரைக் கவிழ்த்தது என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிரூபணம் தேவை.

அந்த நிரூபணம் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வால்வு வழியாகப் போகாத பொருட்களாலும், குடிக்கும் தயிர் போன்றவற்றாலும், ஆட்கள் நோய்ப்பட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று வேண்டும். வால்வு அதுவல்ல.

நோய் தொடங்கிய நேரம்

இதற்கிடையில் நோயாளிகளின் வயிறு ஒரு தகவலைச் சொல்லிக்கொண்டிருந்தது. குடித்த சில மணி நேரத்திலேயே குமட்டல், அடுக்கடுக்காக வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிட்டது.

உணவால் வந்த நோயில் நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். சால்மொனெல்லா மாதிரியான கிருமி உடம்புக்குள் போய், குடலில் இறங்கி, பெருகி, குடல் சுவரில் வேலையைத் தொடங்க வேண்டும். அதற்கு பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒன்றரை நாள் ஆகும். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், கிருமிக்குப் பெருக நேரமே இருந்திருக்காது. அப்படியானால் நச்சு ஏற்கெனவே உணவில் தயாராக இருந்திருக்க வேண்டும். குடித்தவர் கிருமியை அல்ல, கிருமி செய்துவைத்த பொருளைக் குடித்திருக்கிறார்.

இப்படி உணவிலேயே நச்சைச் செய்துவைத்துவிட்டுப் போகும் பாக்டீரியாக்களில் முக்கியமானது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நுண்ணோக்கியில் பார்த்தால் திராட்சைக் கொத்து மாதிரி உருண்டை உருண்டையாகத் தெரியும். பெயரும் அந்தக் கொத்திலிருந்து வந்ததுதான். எங்கோ சாக்கடையில் இருந்து வருவதல்ல இது. மனிதர்களில் சுமார் மூன்றில் ஒருவரின் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மடிநோய் கண்ட மாட்டின் பாலிலும் வரும். 1914-இல் பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆய்வாளர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். மடிநோய் உள்ள ஒரு மாட்டின் பாலைக் கறந்ததும் குடித்தால் ஒன்றும் இல்லை. அதே பாலை வெளியில் சில மணி நேரம் வைத்துவிட்டுக் குடித்தால் வாந்தி. மாடும் மாறவில்லை, பாலும் மாறவில்லை. வெளியில் கிடந்த நேரம் ஒன்றுதான் வித்தியாசம். ஒசாகா நிகழ்வின் சாரம் 86 வருடம் முன்பே அந்தப் பாத்திரத்தில் இருந்திருக்கிறது.

ஜூலை தொடக்கத்தில் ஒசாகாவின் ஆய்வகம் மீதமிருந்த பாலில் அந்த நச்சைக் கண்டுபிடித்தது: ஸ்டஃபைலோகாக்கஸ் என்டரோடாக்சின் ஏ வகை. அந்த மாதமே நாடு முழுவதும் இருந்த நிறுவனத்தின் 21 பால் ஆலைகளும் நிறுத்தப்பட்டன. ஆனால் நச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னும் ஒன்றரை மாதம் பிடித்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி போலீஸ் விசாரணை, பாலில் கலக்கப்பட்ட ஒரு மூலப்பொருளில் அதே நச்சைக் காட்டியது. கொழுப்பு நீக்கிய பால் பவுடர். ஹொக்கைடோ தீவில் டைகி என்ற ஊரிலுள்ள அதே நிறுவனத்தின் ஆலையில் தயாரானது. மூட்டையில் இருந்த தேதி ஏப்ரல் 10.

கூரையைக் குத்திய பனிக்கட்டி

இனி கதையைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். மார்ச் 31, 2000. ஹொக்கைடோவில் அப்போதும் பனிக்காலம் விட்டபாடில்லை. டைகி ஆலையின் மின்சார அறைக் கூரை மீது தொங்கிக்கொண்டிருந்த பனிக்கட்டி விழுந்து கூரையைக் குத்திவிட்டது. உருகிய நீர் உள்ளே கசிந்தது. ஷார்ட் சர்க்யூட். சுமார் மூன்று மணி நேரம் ஆலையில் கரண்ட் இல்லை.

பால் பவுடர் ஆலையில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வரும் பாலைக் குளிர வைத்திருப்பார்கள். கொழுப்பைப் பிரிக்க அதைச் சூடாக்கிச் சுழலும் பிரிப்பானுக்கு அனுப்புவார்கள். குளிர்ந்த பாலைவிட வெதுவெதுப்பான பாலில்தான் கொழுப்பு சுலபமாகப் பிரியும். பிறகு கொழுப்பு இல்லாத பாலை அதிகச் சூட்டில் கிருமி நீக்கி, நீரை ஆவியாக்கிக் கெட்டிப்படுத்தி, சூடான காற்றில் தூவி உலர்த்துவார்கள். இயந்திரம் ஓடும்வரை பால் இந்த இளஞ்சூட்டைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் தங்காது. பாக்டீரியாவுக்கு அந்தச் சூடு பிடிக்கும்தான், ஆனால் பிடித்த இடத்தில் உட்கார நேரம் கிடைக்காது.

பம்பு நின்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். பால் ஓடும் நிலை போய்த் தேங்கும் நிலை வருகிறது. சூடு மெல்ல இறங்குகிறது. பெரிய அளவு பால் சீக்கிரம் ஆறாது. பிற்பாடு வந்த நிபுணர் குழுவின் கணிப்பு இரண்டு இடங்களைச் சுட்டியது. ஒன்று, கொழுப்பு பிரிக்கும் கட்டத்தில் பால் 20 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தது. இன்னொன்று, கெட்டிப்படுத்தும் கட்டத்திலிருந்து மீட்ட பாலைச் சேர்க்கும் டேங்க்கில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பால் குளிர்விக்கப்படாமல் இருந்தது. இந்த இரண்டில் ஏதோ ஒன்றில், அல்லது இரண்டிலும், நச்சு உருவாகியிருக்கலாம் என்பது குழுவின் முடிவு.

கரண்ட் வந்தது. இயந்திரம் ஓடியது. ஓரத்தில் ஆறிக் கிடந்த பாலைக் கொட்டிவிடவில்லை. அப்படியே அடுத்த கட்டத்துக்குப் போனது.

அந்த மணி நேரங்களில் பாலுக்குள்

ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். படித்ததை மறந்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 ஸ்டஃபைலோகாக்கஸ் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மாட்டிடமிருந்து கறந்து வந்த பாலுக்கு இது பெரிய எண்ணிக்கையே அல்ல. அதற்குப் பிடித்த சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைப்போம்.

மூன்று மணி நேரத்தில் ஆறு முறை இரட்டிப்பு: 6,400. ஐந்து மணி நேரத்தில் பத்து முறை: ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒன்பது மணி நேரத்தில் பதினெட்டு முறை: இரண்டு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல்.

இந்த ஒரு லட்சம் முக்கியமான கோடு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒரு லட்சத்தை எட்டும் வரை ஆளைக் கவிழ்க்கும் அளவுக்கு நச்சு சேர்வது அரிது. அதைத் தாண்டினால்தான் தொல்லை. முதல் மூன்று மணி நேரத்தில் பாலை எடுத்துப் பார்த்திருந்தால் பயப்பட ஒன்றும் தெரிந்திருக்காது. ஐந்தாவது மணியில் கோட்டைத் தொடுகிறது. ஒன்பதாவது மணியில் கோட்டைப் போல 260 மடங்கு. பெருக்கம் என்பது நேரம் இரு மடங்கானால் இரு மடங்காகும் விஷயம் அல்ல என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும்.

உண்மையில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். குளிரில் இருந்து சூட்டுக்கு வந்த பாக்டீரியா உடனே பிரியத் தொடங்காது. புது இடத்துக்கு வந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அதற்குள் தனக்கு வேண்டிய நொதிகளைத் தயார்செய்துகொள்ளும். இதைத் தாமதக் கட்டம் என்பார்கள். அதன் பிறகுதான் மடங்கு மடங்காகப் பெருகும் கட்டம். உணவைக் காப்பாற்றும் வித்தையில் பாதி, இந்தத் தாமதக் கட்டத்தை நீட்டுவதுதான்: குளிரவை, உலர்த்து, உப்போ அமிலமோ சேர். கடைசியில் சத்தும் தீர்ந்து கழிவும் சேர்ந்து பெருக்கம் நின்றுவிடும். ஆனால் அப்போது நச்சு ஏற்கெனவே பாலில் கரைந்திருக்கும்.

சூட்டுக்கும் எல்லை உண்டு. இந்தப் பாக்டீரியா சுமார் 7 டிகிரியிலிருந்து 48 டிகிரி வரை வளரும். மனித உடம்பின் சூடான 37 டிகிரியை ஒட்டி ஆனந்தமாக வளரும். நச்சு செய்ய இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு தேவை, 10 டிகிரிக்குக் கீழே செய்வதில்லை. 50 டிகிரியில் இருக்கும்வரை பிரிப்பானில் இருந்த பால் ஒருவகையில் பாதுகாப்பாகவே இருந்தது. ஆற ஆரம்பித்ததுதான் ஆபத்து. சூடாக்குவது நல்லது, ஆறவைப்பது நல்லது. ஆறிக்கொண்டே கிடப்பது மட்டும் மோசம்.

எனக்கு அந்த ஒன்பது மணி நேர டேங்க் மேல்தான் சந்தேகம் அதிகம். மேலே போட்ட கணக்கு அதற்குத்தான் பொருந்துகிறது. குழு இரண்டையும் திறந்து வைத்தது நியாயம்தான். மார்ச் 31-இல் யாரும் டேங்க்கில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு நிற்கவில்லை.

ஏப்ரல் 1 பவுடர், ஏப்ரல் 10 பவுடர்

எனக்கு இந்த நிகழ்வில் தூக்கம் கெடுக்கும் பகுதி இதுதான்.

மின்தடைக்குப் பிறகு அந்தப் பாலில் இருந்து ஏப்ரல் 1-ஆம் தேதி பவுடர் தயாரானது. ஆலையின் ஆய்வகம் வழக்கம்போல் மாதிரி எடுத்து, பாக்டீரியா வளரச் சத்துள்ள தட்டில் வைத்து, இளஞ்சூடான பெட்டியில் விட்டு, முளைத்த புள்ளிகளை எண்ணியது. பொது பாக்டீரியா எண்ணிக்கை நிறுவனமே தனக்கு வைத்திருந்த வரம்பைத் தாண்டியிருந்தது. அதாவது சோதனை தன் வேலையைச் செய்தது. ஏதோ சரியில்லை என்று சொல்லிவிட்டது.

அதற்கு ஆலை என்ன செய்தது? வரம்பைத் தாண்டிய மூட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. பவுடரைத் தண்ணீரில் கரைத்து, புதுப் பாலோடு சேர்த்து, மறுபடி சூடாக்கி, மறுபடி உலர்த்தி ஏப்ரல் 10-ஆம் தேதி புதுப் பவுடராக மாற்றியது. மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை வரம்புக்குள். அனுப்பு.

கெட்ட எண்ணம் கொண்ட ஆள் செய்த காரியம் மாதிரி இது எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பாக்டீரியா அதிகம் என்றால் சூடாக்கு, பாக்டீரியா செத்துவிடும், எண்ணிக்கை இறங்கிவிடும் என்ற யோசனையில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்தப் பால் 130 டிகிரியில் சில விநாடிகள் சூடாக்கப்பட்டது. அதுவும் இரண்டு முறை. ஸ்டஃபைலோகாக்கஸ் 72 டிகிரியிலேயே சில விநாடிகளில் சாகக்கூடியது. 130 என்பது அதற்கு மேலே எங்கோ.

நச்சு மட்டும் சாகவில்லை. ஏனென்றால் அது உயிரே அல்ல. ஸ்டஃபைலோகாக்கஸ் என்டரோடாக்சின் சிறிய, இறுக்கமாக மடிந்த ஒரு புரதம். நாம் நினைக்கும் புரதங்கள் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி விறைத்துப்போகும். இது அப்படி எளிதில் பிரிந்துவிடுவதில்லை. 100 டிகிரியில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் வேலை முழுதாக நிற்காது. வயிற்றின் அமிலமும் செரிமான நொதியும்கூட இதை அவ்வளவு சீக்கிரம் உடைப்பதில்லை. உள்ளே போனதும் குடல் நரம்புகள் வழியாக மூளையின் வாந்தி மையத்துக்குத் தகவல் போகிறது. மணிக்கணக்கில் வாந்தி அதனால்தான்.

சோதனைத் தட்டில் முளைப்பது உயிரோடு இருப்பவை மட்டும். ஏப்ரல் 1 பவுடரின் தட்டு ஒரு கதையைச் சொன்னது. அந்தக் கதையை விசாரிக்காமல், கதை சொன்ன வாயை மறுபடி சூடாக்கி மூடிவிட்டார்கள். ஏப்ரல் 10-இன் தட்டு சுத்தம். நச்சோ ஆளைக் கவிழ்க்கும் அளவுக்கு இன்னும் மிச்சமிருந்தது. ஏப்ரல் 1 பவுடரின் எண்ணிக்கை உண்மையில் ஒரு கேள்வியாக வந்திருந்தது: இந்தப் பால் எங்கே, எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் கிடந்தது? அதைக் கேட்டிருந்தால் பதில் ஒன்றுதான்: கொட்டிவிடு.

இங்கே ஒரு சின்ன விலகல். எல்லா நச்சும் இப்படி அல்ல. போட்டுலிசம் நோயைத் தரும் நச்சு உலகிலேயே கொடியது, ஆனால் சூட்டுக்கு அஞ்சும். 85 டிகிரியில் சில நிமிடம் போதும். அதைச் செய்யும் கிருமியின் விதைமணிகள்தான் கொதிநீருக்கும் அசையாதவை. ஸ்டஃபைலோகாக்கஸில் இது அப்படியே தலைகீழ்: கிருமி மெலிது, நச்சு இரும்பு. அதனால்தான் "நன்றாகக் கொதிக்கவைத்தால் எதுவும் சரியாகிவிடும்" என்ற பொதுப் புத்தி பல இடங்களில் காப்பாற்றும், இந்த ஒரு இடத்தில் கைவிட்டுவிடும்.

எவ்வளவு நச்சு?

பவுடரில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3.7 நானோகிராம் ஏ வகை நச்சு இருந்தது. பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு அதிகபட்சம் 0.38 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 100 மில்லி பாலில் 10 கிராம் அளவுக்குப் பவுடர் கரைந்திருந்தால் 37 நானோகிராம், அதாவது மில்லிக்கு 0.37. ஆய்வகம் அளந்த உச்ச அளவோடு கிட்டத்தட்ட ஒட்டுகிறது. நீர் ஆவியாகும்போது நச்சு அதனோடு போகவில்லை, பவுடரோடு செறிவாகித் தங்கியது. பிறகு தண்ணீர் சேர்த்ததும் பழையபடி பரவியது.

200 மில்லி டம்ளர் ஒன்றைக் குடித்தால் அதிகபட்சம் 76 நானோகிராம். நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் உட்கொண்டது 20 முதல் 100 நானோகிராம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மேசை உப்பின் ஒரு துகளைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. நாக்குக்கு எதுவும் தெரியாது. மணம் மாறாது, பால் திரியாது. கெட்டுப்போன உணவும் நச்சான உணவும் ஒன்றல்ல. கெட்டுப்போனது மூக்கில் எச்சரிக்கும், இந்தப் பால் எச்சரிக்கவே இல்லை.

20 நானோகிராம் குறைவாகத் தெரிகிறதே, இதற்கே இவ்வளவு பேரா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்கும் இருந்தது. 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னொரு பங்காளியைக் காட்டியது: அதே பவுடரில் ஹெச் வகை நச்சும் இருந்தது. முதல் விசாரணையில் கிடைத்தது ஏ வகை. ஹெச் வகை அப்போது கண்ணில் படவில்லை. தேடுவதைத்தான் கண்டுபிடிக்கிறோம். வால்வு விஷயத்திலும் அதேதானே நடந்தது.

1955

இதே நிறுவனம், இதே ஹொக்கைடோ, இதே பொருள். 1955-ஆம் ஆண்டு யகுமோ என்ற ஊரிலிருந்த ஆலையின் கொழுப்பு நீக்கிய பால் பவுடரால் டோக்கியோவின் பள்ளி மதிய உணவில் 1,900-க்கும் மேற்பட்டோர் நோய்ப்பட்டார்கள். அன்றும் ஸ்டஃபைலோகாக்கஸ். அன்றும் மின்தடையும் இயந்திரக் கோளாறும் சேர்ந்து பாலைத் தேங்கவைத்திருந்தன. அப்போதைய தலைவர் எல்லா ஊழியர்களுக்கும் ஓர் அறிக்கை எழுதினார். நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பல வருடம், இழக்க ஒரு கணம் என்ற பொருளில். அந்த அறிக்கை நெடுங்காலம் புது ஊழியர் கையில் கொடுக்கப்பட்டு வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் கொடுப்பது நின்றுபோனது.

45 வருடத்தில் நினைவு தேய்வது இயல்பு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நினைவு என்பது அறிக்கையில் இருக்க வேண்டியதில்லை. "இந்தக் கட்டத்தில் இத்தனை நிமிடத்துக்கு மேல் பால் நின்றால் கொட்டு" என்று இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிய ஒரு காகிதம் போதும். கரண்ட் போன நேரத்தில் யாரும் பழைய அறிக்கையைத் தேடிப் படிக்கப் போவதில்லை; எதிரில் இருக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். டன் கணக்கில் பாலைக் கொட்டும் முடிவை, அந்த நேரம் வேலையில் இருக்கும் ஒருவர் தன் பொறுப்பில் எடுக்க முடியாது. விதி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எங்கே அறுத்திருக்கலாம்

சங்கிலியைப் பின்னோக்கிப் பார்த்தால் அறுப்பதற்கு இடங்கள் நிறையவே இருந்தன. பம்புக்கும் குளிரூட்டிக்கும் மாற்று மின்சாரம் இருந்திருந்தால் பால் தேங்கியிருக்காது. அதுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம், தேங்கிய பாலைக் கொட்டியிருந்தால் போதும். கொட்டாமல் பவுடராக்கினார்கள், சரி, ஏப்ரல் 1 எண்ணிக்கை தவறியதும் காரணத்தைத் தேடியிருக்கலாம். அதையும் விட்டால், அந்தப் பவுடரைக் கரைத்துப் புதுப் பாலில் சேர்ப்பதையாவது தவிர்த்திருக்கலாம். அதற்குப் பிறகு ஒசாகாவில் தடுக்க வழி ஒன்றுதான்: நச்சையே நேராகச் சோதிப்பது. வழக்கமான சோதனையில் அது இல்லை.

ஒசாகா ஆலையின் சுகாதாரச் சான்றிதழ் பறிக்கப்பட்டது. வால்வுக்காகப் பார்த்தால் நியாயமே. ஆனால் அந்தச் சான்றிதழ் சொன்னபடி ஆலையில் வழியெல்லாம் சுத்தமாக இருந்திருந்தாலும், மூட்டையில் வந்த பவுடரில் இருந்த நச்சை அது தடுத்திருக்காது. ஆலைக்குள் வரும் மூலப்பொருளைத் தன் வீட்டுப் பொருள் என்று நம்பியது ஒரு பலவீனம். தன் நிறுவனத்தின் இன்னொரு ஆலை அனுப்பியதை யார் சந்தேகிப்பார்கள்?

2002-இல் ஜப்பான் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் தயாரிப்புக்கான விதியைத் திருத்தியது. தயாரிப்பின்போது பால் 10 டிகிரிக்குக் கீழேயோ 48 டிகிரிக்கு மேலேயோ இருக்க வேண்டும் என்று அதில் எண்கள் வந்தன. மேலே சொன்ன அதே எல்லைகள்: கீழ் எண்ணில் நச்சு உருவாவதில்லை, மேல் எண்ணில் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் பால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதுதான் டைகி ஆலையில் அந்த நாள் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடாத விஷயம்.